அஞ்சு நிமிஷம்னா எவ்வளவு? கண்ணால் பார்க்கும் டைமர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு சிறிய தெரபி மையத்தில் சிறப்புக் கல்வியாளராக இருக்கிறேன். பெற்றோர்கள் உண்மையான சந்தேகங்களை வகுப்பில் கேட்பதில்லை. வகுப்பு முடிந்து, வாசலில் பிள்ளைக்குச் செருப்பு மாட்டும்போதுதான் கேட்பார்கள். 14 வருடத்தில் டைமர் பற்றி அப்படிக் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். முதலில் இருப்பவை புதிதாக வருபவர்களுக்கு. போகப்போகச் சிக்கலானவை.

வீட்டுல கடிகாரம் இருக்கு, ஃபோன்ல மணி இருக்கு. தனியா இது எதுக்கு மிஸ்?

கடிகாரம் இப்போது மணி என்ன என்று சொல்லும். மீதி எவ்வளவு என்பதை நாம்தான் மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொள்கிறோம். ஏழே முக்காலுக்கு வேன், இப்போது ஏழு இருபது என்றால் நமக்குத் தானாகவே கை வேகமாகிறது. அந்தக் கழித்தல் வராத பிள்ளைக்குச் சுவரில் இரண்டு முள் தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணால் பார்க்கும் டைமர் மீதி நேரத்தை ஒரு பொருளாக்கிக் காட்டுகிறது. மணல் குறைகிறது, சிவப்பு வட்டு சுருங்குகிறது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. எண் தெரியாவிட்டாலும் 'நிறைய இருக்கு', 'கொஞ்சம்தான் இருக்கு' என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் நம் வாய். 'அஞ்சு நிமிஷம்' என்பது நம் வீடுகளில் ஒரு அளவே இல்லை. அடுப்படியிலிருந்து சொன்னால் அரை மணி நேரம். கல்யாண வீட்டில் விடைபெறும்போது சொன்னால் ஒரு மணி நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் இந்த நொடியே. மற்றப் பிள்ளைகள் குரலை வைத்து எந்த அஞ்சு நிமிஷம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அது முடியாது. சொன்னதை அப்படியே நம்பி ஏமாந்து, கடைசியில் நம்புவதையே விட்டுவிடும்.

வெளிநாட்டு சமாச்சாரம்தானே? நம்ம வீட்டுக்கு ஒத்து வருமா?

சிவப்பு வட்டு டைமர் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1990களில் சின்சினாட்டி நகரத்தில் ஜான் ராஜர்ஸ் என்ற தாய், 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று நச்சரித்த தன் நாலு வயது மகளுக்காகச் செய்தது. டைம் டைமர் என்ற பெயரில் விற்கிறார்கள். அதற்கு முன்பே, 1970களில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் தொடங்கிய 'டீச்' திட்டம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நாளைக் கண்ணால் பார்க்கும்படி அடுக்கித் தரும் முறையை வளர்த்தது.

ஆனால் நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நமக்குப் புதிதில்லை. அடியில் ஓட்டை போட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் என்று கணக்கு வைத்தவர்கள் நாம். என் வகுப்பில் ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுச் செய்தே பார்த்தார். மூன்று நிமிடத்தில் மூழ்கியது. பல் தேய்க்கக்கூட அது போதும்.

ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு மட்டுமா? என் பையன் ஹைப்பர்.

இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, அடுத்து என்ன, எப்போது என்று தெரியாததுதான் பெரிய பதற்றம். மீதி நேரம் தெரிந்தால் பதற்றம் குறைகிறது. ஏ.டி.எச்.டி., அதாவது நீங்கள் 'ஹைப்பர்' என்று சொல்லும் கவனம் நிற்காத துறுதுறுப்பு, உள்ள பிள்ளைக்கு நேரம் போவதே உறைப்பதில்லை. மனநல மருத்துவர்கள் இதை 'நேரக் குருடு' என்றுகூடச் சொல்வதுண்டு. அவனுக்கு டைமர் கண்ணுக்கு எதிரே, மேஜை மேலேயே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் இல்லாத மாதிரிதான். டவுன் சின்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, வாயால் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பது நிலைத்து நிற்கும். தலையில் அடிபட்டு மீள்பவர்கள், மறதி நோய் வந்த பெரியவர்கள் வீட்டிலும் பயன்படுகிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் சொல்கிறேன்.

ஒண்ணு ரெண்டுகூடத் தெரியாதுங்க இவனுக்கு. புரியுமா?

புரியும். ஆனால் வாங்கிய அன்றே 'டைமர் முடிந்ததும் டிவியை அணைக்கணும்' என்று ஆரம்பித்தால், அந்தப் பொருளை ஜென்மத்துக்கும் வெறுப்பான். பல வீடுகளில் டைமர் பரண்மேல் ஏறியது இந்த ஒரே தவறால்தான்.

முதல் வாரம் டைமர் முடிந்தால் நல்லது நடக்க வேண்டும். கையில் முறுக்கை வைத்துக்கொண்டு ஒரு நிமிட மணலைக் கவிழுங்கள். பேசாதீர்கள், மணலை மட்டும் விரலால் காட்டுங்கள். விழுந்து முடிந்ததும் 'முடிஞ்சது' என்று சொல்லி அந்த நொடியே முறுக்கைக் கொடுங்கள். ஒரு நிமிடம் அதிகமென்றால் 20 நொடி போதும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஊஞ்சல், பலூன், தண்ணீர் என்று மாற்றி மாற்றி. கடைசி மணலை எதிர்பார்த்து உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகுதான் பிடித்ததை நிறுத்தும் வேலைக்கு டைமரைக் கொண்டுவர வேண்டும்.

எதை வாங்கறது?

மணல் டைமர் மலிவு, சத்தம் கிடையாது, சின்னப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். படுக்க வைத்தால் நேரம் நின்றுவிடும் என்பதைப் புத்திசாலிப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணாடியில் செய்தது வேண்டாம். சிவப்பு வட்டு டைமரில் விரும்பிய நிமிடத்தை வைக்கலாம். 60 நிமிடம் வரை ஒரே பொருள் போதும். இறக்குமதியானது சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதே மாதிரி செய்த மலிவானவையும் கிடைக்கின்றன. சமையலறை டைமர்களில் எண் மட்டும் ஓடுவது நமக்கு உதவாது. முறுக்கிவிடும் வகை 'டிக் டிக்' என்று ஓயாமல் அடிக்கும், அது பல பிள்ளைகளுக்கு ஆகாது.

எதை வாங்கினாலும் பேட்டரி மூடியைப் பாருங்கள். காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி போட்டதாக இருந்தால், மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். எதையும் வாயில் போடும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வாங்காமலே இருப்பது நல்லது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துபோகும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஃபோன்ல ஆப் இருக்கே, இலவசமா?

பிள்ளையை விலக்க வேண்டியதே ஃபோனிலிருந்துதான் என்றால், அதே ஃபோன் எப்படி டைமராகும்? நடுவில் அழைப்பு வரும், விளம்பரம் வரும், திரை அணையும். பழைய ஃபோன் ஒன்றில் சிம் எடுத்துவிட்டு, அந்த ஒரு ஆப்பை மட்டும் வைத்து அலமாரியில் நிறுத்தினால் சரி. பேருந்தில் போகும்போது வேறு வழியில்லாமல் நானும் ஃபோனைத்தான் பயன்படுத்துகிறேன்.

செலவில்லாம வீட்டிலேயே பண்ண முடியுமாக்கா?

முடியும். முள் ஓடும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று எடுங்கள். நிமிட முள்ளை மட்டும் விட்டுவிட்டு மற்ற முட்களைக் கழற்றுங்கள். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால், முள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து முடிய வேண்டிய இடம் வரை கண்ணாடிமேல் வண்ணம் தீட்டுங்கள். முள் வண்ணத்தைக் கடந்து வெளியே வந்தால் நேரம் முடிந்தது. துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்கு மறுபடி தீட்டலாம். நான் பார்த்ததில் சிவப்பு வட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அட்டையில் ஐந்து துணிக் கிளிப் மாட்டி நிமிடத்துக்கு ஒன்றாகக் கழற்றலாம். கழற்றும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டைமரை மறந்துவிடுகிறோம்: குளியல் வாளி. குழாயடியிலிருந்து வரவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு, வாளியை நிரப்பிக் குழாயை மூடிவிடுங்கள். தண்ணீர் குறைவது கண்ணுக்குத் தெரியும். வாளி காலியானால் குளியல் முடிந்தது. ஷவர் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது, பாவம்.

எத்தனை நிமிஷம் வைக்கணும்?

அவனால் இப்போது எவ்வளவு முடிகிறது என்று மூன்று நாள் கவனித்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக. எழுத உட்கார்ந்தால் நாலு நிமிடத்தில் எழுந்து ஓடுகிறான் என்றால் மூன்று. மூன்று நிமிடம் ஜெயித்தால் வாரத்துக்கு அரை நிமிடம் கூட்டலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அரை மணி நேரம் உட்காருகிறதே என்பது இந்தக் கணக்கில் வராது.

டைமர் முடிஞ்சதும் கத்தறான் மேடம். நேத்து டைமரையே தூக்கி எறிஞ்சுட்டான்.

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முதலில், கற்றுக்கொடுக்கும் வாரத்தைத் தாண்டிக் குதித்தீர்களா என்று பாருங்கள். இரண்டாவது, டைமர் 'முடிந்தது' என்று மட்டும்தான் சொல்லும், அடுத்து என்ன என்று சொல்லாது. அடுத்தது தெரியாத முடிவு யாருக்கும் பிடிக்காது. டைமர் பக்கத்திலேயே இரண்டு படம் வையுங்கள்: முதலில் டிவி, பிறகு தோசை. பிடித்ததைப் பின்னால் வைத்தால் பிடிக்காததையும் செய்துவிடுவார்கள் என்று 1959இல் டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் எழுதினார். நம் பாட்டிமார்களுக்கு அது முன்பே தெரியும். டிவியை அணைத்ததும் நேராக வீட்டுப்பாடம் என்று வைத்தால் கத்தத்தான் செய்வான். நடுவில் நடுநிலையாக ஏதாவது ஒன்று வேண்டும்: தண்ணீர் குடிப்பது, மாடிக்குப் போய் வருவது.

மூன்றாவது, வெட்டும் இடம். 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள வீடுகளில் ஆராய்ந்தபோது, 'இன்னும் ரெண்டு நிமிஷம்தான்' என்ற எச்சரிக்கை திரையை விட்டு எழுவதை இன்னும் மோசமாக்கியதைக் கண்டார்கள். நிகழ்ச்சி தானாக முடிகிற இடத்தில், தினப்படி வழக்கமாக நிறுத்தியபோது அழுகை குறைந்தது. அவர்கள் சாதாரணக் குழந்தைகள்தான் என்றாலும் என் அனுபவமும் இதுவே. பாட்டு நடுவில் இருக்கும்போது டைமர் முடிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பாட்டு மூன்றரை நிமிடம் என்றால் டைமரை நாலில் வையுங்கள். முடிந்த பிறகும் கத்தினால் கத்தட்டும், நீங்கள் பேச்சைக் குறையுங்கள். டைமரைக் காட்டி 'முடிஞ்சது' என்ற ஒரே சொல் போதும்.

மாமியார் 'பாவம், இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கட்டும்'னு திருப்பி வெச்சுடறாங்க.

ஒருமுறை திருப்பினால் போதும், அழுதால் மணல் மறுபடி மேலே ஏறும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான். அவன் தப்புச் செய்யவில்லை, சரியாகத்தான் கற்றுக்கொண்டான்.

பாட்டியோடு சண்டை போடாதீர்கள். டைமரை வைக்கும் பொறுப்பையே அவர்களிடம் கொடுங்கள். 'அத்தை, நீங்களே வைங்க, எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க' என்றால் ஆரம்பத்திலேயே 5 நிமிடம் சேர்த்து வைப்பார்கள். தப்பில்லை. ஆரம்பத்தில் கூட்டலாம், முடிந்த பிறகுதான் கூடாது. இரண்டு வீடுகளில் இப்படிச் சொல்லி, பாட்டிகள் எங்களைவிடக் கண்டிப்பாகிவிட்டார்கள்.

மணி அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு ஓடறா.

சத்தத்தை அணைத்துவிடுங்கள், அணைக்க முடியாததை வாங்காதீர்கள். மணிக்குப் பயந்து கடைசி நிமிடம் முழுக்க நடுங்கும் பிள்ளைகள் உண்டு. முடியும்போது விளக்கு படபடவென்று மின்னும் வகையும் வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

மணலைக் கவிழ்த்துக் கவிழ்த்து அதையே பாத்துட்டு உக்காந்திருக்கான்.

அவனுக்கு அது விளையாட்டுப் பொருளாகிவிட்டது. பிடுங்க வேண்டாம், அந்த ஒன்றை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். வேலைக்கு வேறு வகையை, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இவர்களுக்கு மணலைவிட வட்டு பொருந்தும், மெதுவாக நகர்வதால் பார்க்கச் சுவாரசியம் கிடையாது.

டாக்டர்கிட்ட போனா எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கே தெரியாதே, எப்படி டைமர் வைக்கறது?

வைக்கக் கூடாது. 20 நிமிடம் வைத்து, முடிந்தும் கூப்பிடாவிட்டால் பொய் சொன்னது நீங்கள். ஒரு நீள அட்டையில் 5, 4, 3, 2, 1 என்று எண்களோ ஐந்து நட்சத்திரங்களோ ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுப்பது நீங்கள். இதற்கும் நிமிடத்துக்கும் சம்பந்தமில்லை. வரிசை மெதுவாக நகர்ந்தால் மெதுவாக எடுப்பீர்கள், டோக்கன் நெருங்கினால் சட்டென்று எடுப்பீர்கள். கடைசி எண் போனால் உள்ளே போகிறோம் என்பது மட்டும் உண்மையாக இருந்தால் போதும். கோவில் வரிசை, ரயில்வே கேட், முடி வெட்டும் கடை எல்லாவற்றுக்கும் இதுதான்.

சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்கறா. அதுக்கு வைக்கலாமா?

வேண்டாம். சி.பி. (பெருமூளை வாதம்), டவுன் சின்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்கு மெல்லுவதும் விழுங்குவதுமே சிரமம். அவசரப்படுத்தினால் புரையேறும், அது ஆபத்து. மெதுவாகச் சாப்பிடுவதற்குக் காரணம் வாய்த்தசையா, ருசியா, கவனமா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றது. டாய்லெட்டில் 'டைமர் முடியும்வரை எழுந்திருக்காதே' என்பதும் கூடாது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போக வேண்டும் என்று உங்களுக்கு நினைவூட்ட வைத்துக்கொள்ளலாம்.

தப்பு பண்ணா 'டைமர் முடியற வரைக்கும் மூலைல நில்லு'ன்னு சொல்லலாமா?

ஒரே பொருள் முறுக்குக்கும் தண்டனைக்கும் இருக்க முடியாது. அதற்குப் பிறகு நீங்கள் டைமரை எடுத்தாலே அவன் வயிறு கலங்கும்.

கண்ணு சரியாத் தெரியாத பிள்ளைக்கு?

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் அல்லது வெள்ளை, பெரியதாக, ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கூசாத இடத்தில். பார்வை அறவே இல்லையென்றால் கிளிப் அட்டையைத் தடவிப் பார்க்கலாம், அல்லது அதிரும் கைக்கடிகாரம். பார்வையும் கேட்பும் இரண்டும் குறைவானவர்களுக்கு எது பொருந்தும் என்பதற்குச் சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனத்தில் நேரில் காட்டிக் கேட்பதே நல்லது.

ஸ்கூல்ல 'இதெல்லாம் அனுமதிக்க முடியாது'ங்கறாங்க.

மேஜைமேல் சத்தமில்லாத சின்ன டைமர் யாருக்கும் இடைஞ்சலில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிள்ளைக்குத் தேவையான நியாயமான வசதிகளைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்தோடு ஆரம்பிக்காதீர்கள். வகுப்பு முழுமைக்கும் ஒரு பெரிய டைமரை நீங்களே வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்தே புத்தகத்தை எடுத்து வைப்பார்கள், உங்கள் மகனும் தனித்துத் தெரியமாட்டான்.

தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். நாலு மணி நேரம் என்பது இவர்களுக்குக் கடல். வீட்டில் பழகும்போதே 20 நிமிடத் துண்டுகளாக்கிப் பழக்குங்கள். தேர்வறைக்குள் எதைக் கொண்டுபோகலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் தம்பிக்கு 24 வயசு. மணல் டைமர் வெச்சா குழந்தை மாதிரி இருக்காதா?

இருக்கும். அவர் கூச்சப்பட்டால் அவர் சொல்வதுதான் சரி. மேஜைக் கடிகாரம் மாதிரி இருக்கும் கறுப்பு டைமர், கையில் அதிரும் வாட்ச் எல்லாம் இருக்கின்றன. எத்தனை நிமிடம், எந்த வேலைக்கு என்பதை அவரே வைக்கட்டும்.

அப்பாவுக்கு ஞாபக மறதி. 'அண்ணன் எப்ப வருவான்'னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கறார்.

காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வட்டு டைமரின் பக்கத்தில் 'சிவப்பு முடிந்ததும் ரவி வருவான்' என்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு சீட்டு வையுங்கள். கேட்கும்போது பதில் சொல்லாமல் கையால் அதைக் காட்டுங்கள். அதைவிட நீண்ட காத்திருப்புக்கு 'வியாழன், மாலை' என்று எழுத்தில் காட்டும் நாள் கடிகாரம் உதவும். நோய் முற்றியவர்களுக்குச் சுருங்கும் சிவப்பு பயத்தைக் கொடுத்தால் அன்றே எடுத்துவிடுங்கள்.

எப்ப நிறுத்தறது? பழகிட்டா இது இல்லாம இருக்க மாட்டானோ?

மூக்குக் கண்ணாடியை எப்போது கழற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. சில வேலைகளுக்கு அவனே பார்ப்பதை விட்டுவிடுவான், அப்போது அந்த வேலைக்கு மட்டும் எடுத்து வையுங்கள். காய்ச்சல், பரீட்சை, வீடு மாறுதல் வந்தால் மறுபடி தேவைப்படும்.

இப்பல்லாம் நான் ஃபோன் பேசிட்டு இருந்தா அவளே டைமரைத் திருகி என் முன்னாடி வெச்சுடறா. விடலாமா?

விடலாமாவா? பேச்சு வராத பிள்ளை, 'எனக்கு நீ வேணும், இவ்வளவு நேரம் காத்திருக்கேன்' என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால் ஆரம்பத்திலேயே கூட்டிக் கேளுங்கள், பாட்டிக்குச் சொன்ன அதே விதி. சிவப்பு முடிந்ததும், எதிர்முனையில் யாராக இருந்தாலும், ஃபோனை வைத்துவிட்டு எழுந்திருங்கள்.